கச்சாலிலிருந்து திரும்பி வந்த நூற்று அறுபத்தெட்டு

கராச்சர்மா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் உமாவுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் இங்கே ஏதோ நடமாட்டமா இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் ஓசூர் குளிர்ல சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு விளக்கேத்தும்போதெல்லாம் கேட்டுக்கிறேன். என்னடா இது, அம்மா போன்ல பேசாம கடுதாசி போடுறாளேன்னு நினைப்ப. பேசினா பாதியில நெட்வொர்க் போயிடுது, மீதியில எனக்கு அழுகை வந்துடுது, நீ பயந்து பத்துத் தடவை திருப்பிக் கூப்பிடுவ. எழுதினா நிதானமாச் சொல்லி முடிச்சிடலாம்.

இங்கே மழை விட்டபாடில்லை, ஆனா குழாய்ல தண்ணி மூணு நாளைக்கு ஒரு தடவைதான். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு. நம்ம லைப்ரரிக்கு மேலேயிருந்து வர்ற ஃபண்டைக் குறைச்சிட்டாங்கன்னு சொன்னேன்ல, இப்போ காலையில பத்துலேருந்து ஒரு மணி வரைக்கும்தான் திறப்பு. பேப்பரையும் நிறுத்திட்டாங்க. அப்பா சாயங்காலம் நாலு மணியானா பேப்பர் படிக்கப் போற ஞாபகத்துல சட்டையை மாட்டிடுறார், அப்புறம் கழட்டிப் போடுறார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க பூட்டின கதவுக்கு வெளியே படியில உக்காந்து படிக்குதுங்க. என்னத்தச் சொல்ல.

இது போதாதுன்னு புதுசா ஒரு உத்தரவு வந்துச்சு. இனிமே எந்த மொழிப் புத்தகத்தை எத்தனை பேர் எடுத்துப் படிக்கிறாங்களோ அதைப் பார்த்துதான் அந்த மொழிக்கு ஃபண்டாம். ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தாங்க. பெங்காலி அலமாரியைப் பார்த்துக்கிற மண்டல் பாபு ஒரு புத்தகம் விடாம எழுதி வைக்கிற மனுஷன், அவர் பக்கத்துல எழுநூத்துச் சொச்சம். நான் பார்த்துக்கிற தமிழ்ப் பக்கத்துல ஒரு வருஷத்துக்குப் பத்தொன்பது. ஆமாடி, பத்தொன்பதுதான். தமிழ்க்காரங்க யாரும் படிக்கிறதில்லைன்னு ஃபைல்ல எழுதிட்டாங்க.

அந்தப் பத்தொன்பதுக்குக் காரணம் வேற யாருமில்லை, நான்தான். பொன்னுத்துரை அண்ணனை உனக்குத் தெரியும், சிலோன்லேருந்து கூட்டிட்டு வந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துல குடியேத்தின குடும்பத்து ஆளு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி சம்சாரத்துக்கு வைத்தியம் பார்க்க வந்து, திரும்பிப் போக கப்பல் டிக்கெட் கிடைக்காம இருபது நாள் நம்ம லைப்ரரியிலயே உக்காந்து கிடந்தார். போகும்போது, எங்க தோட்டத்து லயத்து வீடுங்கள்ல படிக்க ஒரு துண்டுக் காகிதம் கிடையாதும்மா, பத்துப் புத்தகம் குடுங்கன்னு கேட்டார். கார்டு இருக்கிறவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுக்கணும்னு ரூல். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட கச்சால்லேருந்து எவன் கப்பல் ஏறி வருவான்? ரெஜிஸ்டர்ல எழுதினா ரூலை மீறினதுக்கு நானே சாட்சி. அதனால எழுதாமயே குடுத்தேன். அப்புறம் அங்கேயிருந்து யார் வந்தாலும் ஒரு கட்டு. பழசு கொஞ்சம் வரும், புதுசு போகும். எழுதி என்ன ஆகப்போகுது, படிச்சாப் போதாதான்னு நினைச்சேன். எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு திமிர், வேறென்ன.

போன மாசம் ஸ்டாக் எடுத்தாங்க. தமிழ்ல நூத்தி அறுபத்தொன்பது புத்தகம் குறையுது. பதினஞ்சு நாளைக்குள்ள கொண்டு வந்து வைக்காட்டி வேலைக்கு வரவேண்டாம்னு லைப்ரேரியன் மேடம் சொல்லிட்டாங்க. இருபத்திரண்டு வருஷமாத் தினக்கூலிதானேடி நான், போன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும். கச்சாலுக்குப் போன்ல சொல்லி அனுப்பினேன். பன்னெண்டாம் நாள் பொன்னுத்துரை அண்ணன் நாலு சாக்கு மூட்டையோட வந்து இறங்கினார். நூத்தி அறுபத்தெட்டு. ஒண்ணு கிழியலை, ஒண்ணு நனையலை. உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துடக்கூடாதுன்னு லயம் லயமாப் போய் வாங்கிட்டு வந்தேன், ஒரு பாட்டியம்மா மட்டும் பத்துப் பக்கம் பாக்கின்னு கப்பல் கிளம்புற வரைக்கும் வச்சுப் படிச்சுட்டுக் குடுத்தாங்கன்னார்.

அதுக்கும் மேலே ஒண்ணு கேளு. ஒவ்வொரு புத்தகத்தோட கடைசி அட்டையிலயும் ரப்பர் பால் தடவி ஒரு தாள் ஒட்டியிருக்கு. படிச்சவங்க பேரும் தேதியும் அவங்களே எழுதி வச்சிருக்காங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு யாரோ வாசிச்சுக் காட்டி, அவங்க பேரையும் சேர்த்திருக்காங்க. மண்டல் பாபு என்கூட உக்காந்து எண்ணினார். மூவாயிரத்து நூத்திப் பதினாலு பேர் வந்துச்சு. மேடம்கிட்டத் தூக்கிட்டு ஓடினேன். அவங்களும் பாவம், ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. இது நம்ம ரெஜிஸ்டர் இல்லை வசந்தா, ஃபைல் மேலே போயிடுச்சு, இனி என் கையில இல்லைன்னு ஹிந்தியில சொன்னாங்க. அவ்வளவுதான். தமிழுக்கு இனி ஃபண்டு இல்லைன்னு ஆகி, தமிழ் அலமாரியைக் காலி பண்ணி எல்லாத்தையும் பின்னாடி ரூம்ல கட்டி வச்சுப் பூட்டியாச்சு. கட்டினது நான், பூட்டினது நான். அண்ணன் காலிச் சாக்கை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை கோவிச்சுக்காம கப்பல் ஏறிட்டார். நாலு திட்டுத் திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வேலையை விட்டுட்டு எங்ககூட வந்து இரும்மான்னு நீ கூப்பிடுற. வரலாம்தான், ரொம்ப அசந்துபோச்சு. ஆனா சாவி இன்னும் எங்கிட்டதான் இருக்கு. அந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரையும் ஒரு நோட்டுல எழுதி மேலே அனுப்பலாம்னு ஆரம்பிச்சிருக்கேன். நூத்திப் பத்துப் புத்தகம் ஆச்சு. யாராவது பிரிச்சுப் பார்ப்பாங்களான்னு தெரியலை, இருந்தாலும் எழுதுறேன்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லு. ரெண்டு பேரும் குறையில்லாம இருங்க, முருகன் துணையிருப்பான்.

முக்கியமான விஷயத்தை விட்டுட்டேன். குறையுற அந்த ஒரு புத்தகம் உங்கிட்டதான் இருக்கு. கல்யாணமாகிப் போகும்போது எடுத்துட்டுப் போனியே, பச்சை அட்டை போட்ட சமையல் புத்தகம். மகளுக்குச் சலுகை காட்டினேன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு அன்னைக்கு ரெஜிஸ்டர்ல எழுதி உங்கிட்டக் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்தே போடாத கச்சால்காரங்க எல்லாத்தையும் கொண்டு வந்து குடுத்துட்டாங்க, கையெழுத்துப் போட்டு வாங்கின நீ ஒருத்திதான் பாக்கி. நாளைக்கே கொரியர்ல போட்டுவிடு. கடைசி அட்டையில உன் பேரும் தேதியும் எழுதி அனுப்பு.

உன் அம்மா
வசந்தகுமாரி