சம்பந்தி வீட்டுக் கல்குழி

அன்புள்ள அண்ணா,

வேண்டிய மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். நீ இருந்தவரை உன் பேச்சுக்காக, போன பிறகு உன் மரியாதைக்காக. இனி முடியாது. உனக்குக் கேட்காது என்று தெரியும். கேட்க வேண்டியவர்கள் படிக்கட்டும்.

நம் கரடு இப்போது இல்லை. நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மொட்டைப் பாறைக் குன்றாகக் கண்ணில் படுமே, அந்த இடத்தில் வானம்தான் தெரிகிறது. கிட்டப் போனால் குழி. அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அது நம் கிணற்றுத் தண்ணீர் என்கிறார் அண்ணி. வறண்டு கிடக்கும் கிணற்றைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நம் பக்கத்துப் பிழைப்பு உனக்குத் தெரியாததா? மேலே குச்சிக்கிழங்கும் கோழிப் பண்ணையும், கீழே கல். மழை பொய்த்தால் போர் போடும் ரிக் வண்டியிலும் லாரியிலும் ஏறி ஆண்கள் வெளிமாநிலம் போவார்கள். கல் பொய்க்காது என்றாய். புல் முளைக்காத பாறை சோறு போடும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? இன்று ஊரில் பாதி அடுப்பு கல் உடைக்கும் கிரஷர் கூலியில்தான் எரிகிறது. அதை நான் குறை சொல்லவில்லை.

குறை வேறு. கரட்டைக் குத்தகைக்கு எடுத்தவர் உன் மகள் பாப்பாவின் மாமனார். வெடி எதுவரை வைக்கலாம் என்று பத்திரத்தில் எழுதி வாங்கு என்றேன். "படிச்சவனுக்கு எதெடுத்தாலும் சந்தேகம். பொண்ணு குடுத்த ஊட்டுக்காரங்க நம்மூட்டுப் பக்கம் வெடி வெப்பாங்களாடா?" என்று பந்தியில் எல்லார் முன்னாலும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. பாப்பாவையே எல்லைக் கல்லாக நட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இப்போது வெடிக்கு முன் ஊதும் விசில், வீட்டு வாசலிலேயே ஊதுவது போலக் கேட்கிறது. ஊதியதும் அண்ணி மாட்டை அவிழ்த்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடக்கிறார். பண்ணைக் கோழிகள் கூண்டில் அடித்துக்கொண்டு ஓடில்லாத தோல் முட்டை இடுகின்றன. சமையல்கட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருக்கிறது.

போன வாரம் ஒரு கல் பறந்து வந்து மாட்டுக் கொட்டகைக் கூரையைப் பிளந்தது. தகவல் தெரிந்து சேலத்திலிருந்து ஓடினேன். எனக்கு முன்பே சம்பந்தி காரில் வந்து, கை நிறையப் பழத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மச்சான். சின்னக் கல்லு, தவறி வந்துருச்சுங்க. நாளைக்கே புதுக் கூரை போட்டுத் தந்தர்றனுங்."

"கூரைக்குக் கீழ ஆள் நின்னிருந்தா?" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. பழத்தை அண்ணி பக்கம் நகர்த்தினார். "நம்ம பாப்பா எங்கூட்ல ராணியாட்டம் இருக்கறா. எப்பவும் அப்படியே இருக்கோணும். இல்லீங்களா, மச்சான்?"

அவர் போனபின் அண்ணியைச் சேலத்துக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. வீட்டைக் காலி செய்தால் அந்த இடத்தையும் சேர்த்துக் கேட்பார்களாம். மனு கொடுக்கிறேன் என்றேன்.

"பேசாம இருங்க சாமி. கல்லு எம்மேல உழுந்தா ஒரு நாளைக்கு அழுவீங்க. புள்ள வாழாம ஊட்டுக்கு வந்துட்டா தெனமும் அழுவோணும்" என்றார்.

குழியை இன்னும் அகலமாக்கப் போகிறார்கள். அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வருகிறது. யார் வாய் திறப்பார்கள்? ஒருவர் அங்கே பெண் கொடுத்திருக்கிறார், ஒருவர் பெண் எடுத்திருக்கிறார், மிச்சப் பேர் கூலிக்குப் போகிறார்கள். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள். அடுத்த கல் எங்கே விழும் என்று சொல், அண்ணா. அந்த நேரத்தில் அண்ணி ரோட்டை எட்டியிருப்பாரா?

பத்திரிகைக்கு ஒன்றும் அதிகாரிகளுக்கு ஒன்றுமாக இதைப் பிரதி எடுத்துவிட்டேன். ஊர்ப் பெயர் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. நம் பக்கம் கரடு இருந்த ஊர்க்காரன் எவன் படித்தாலும் தன் ஊர் என்றுதான் நினைப்பான். சம்பந்தி தன்னை அடையாளம் கண்டாலும், பெயரில்லாத கடிதத்தைத் தன்னைப் பற்றியது என்று வெளியே சொல்ல மாட்டார். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவேன். அண்ணி அந்த வாசலில் இருக்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மொட்டைக் கடுதாசி போடுகிறவன் ஆம்பளையா என்று கேட்பாய் நீ. கேள். என் பெயரைப் பார்த்த மறுநாள் பாப்பாவின் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். அவளை அந்த வீட்டுக்குக் கொடுத்தபோது என் கையெழுத்தையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறாய். உன் தம்பி என்றுகூடப் போடாமல் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.