நீ லைட்டை அணைத்திருந்தாய், சாகுல்

என் பிரியமான சாகுல் மச்சானுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னைப் பற்றி நம் தெருவின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். உன் நல்ல குணங்களை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் மகன் ரியாஸ், உன் வாடகைக் காருக்குப் புதுப் பேட்டரி வாங்கிவந்து என் வாசலில் இறக்கினான். "மாமா, மாட்டுறதுக்கு முந்தி நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. அத்தா உங்களைக் கூட்டிக்கிட்டுத்தானே பேட்டரி வாங்கப் போவாக?" என்றான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன், வீட்டில் வோல்ட் பார்க்கும் மீட்டர் வைத்திருப்பவன் என்பதற்காக நீ எனக்குக் கொடுத்த மரியாதை அது. மகனுக்கும் சொல்லிவைத்திருக்கிறாய்.

மூடியின் விளிம்பில் குத்தியிருந்த எழுத்தையும் எண்ணையும் லென்ஸ் வைத்துப் படித்தேன். தயாரித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முனைகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இல்லை. வேறு வண்டியில் மாட்டிக் கழற்றிய சரக்கல்ல. மீட்டர் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றைச் சேர்த்து ஐந்து நிமிடம் எரியவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தேன். அப்படியே நின்றது.

"தாராளமா மாட்டுப்பா" என்றேன்.

"இனிமே அத்தா மாதிரி லைட்டப் போட்டுட்டு மறந்துபோகாம இருந்தாச் சரி மாமா" என்று சிரித்தான். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

சாகுல், நீ மறக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் செக்காலை ரோட்டில் நாம் இரண்டு பேரும் பேட்டரி வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? நீ வெளியே வண்டியில் பழைய பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே, கடைக்காரர் எடுத்துவைத்த புதியதைப் பார்த்தேன். குத்தியிருந்த எழுத்துப்படி அது பதினாறு மாதத்துக்கு முந்தைய சரக்கு. அத்தனை நாளும் சார்ஜ் ஏற்றாமல் அலமாரியில் கிடந்திருக்க வேண்டும். மீட்டர் பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. பாதி செத்த பேட்டரி. கடைக்காரரிடம் மெல்லக் கேட்டேன்.

"சார், இது ஒண்ணும் பாடப்புஸ்தகம் இல்ல. நாலு நாள் வண்டி ஓடுனா தானா ஏறிக்கிரும். கொஞ்சம் அங்குட்டு நகந்துக்கங்க, பின்னாடி ஆள் நிக்கிறாக" என்றார். "வாத்தியார் பேட்டரிக்கும் பரீட்சை வைக்க வந்துட்டாரு" என்று வரிசையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் நீ கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய். "என்ன மச்சான், பாஸா ஃபெயிலா?"

"பாஸ்" என்றேன்.

மீட்டர் கோளாறாக இருக்கும், எழுத்தை நான் தப்பாகப் படித்திருப்பேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் மீட்டரைச் சோதித்தேன். சரியாகவே இருந்தது. உன் வீடு நாலாவது வீடு. உண்மையைச் சொல்ல நான் வரவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாச்சியாபுரத்து ஆச்சி ஒருவரையும் அவர் வீட்டாரையும் காளையார்கோவிலுக்கு அழைத்துப் போனாய். வழியில் மழை, லைட்டைப் போட்டே ஓட்டியிருக்கிறாய். அவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வந்து ஏறினால், சாவியைத் திருகத் திருக டக் டக் என்ற சத்தம் மட்டும். "என்ன சாகுலு, வண்டியும் விரதமா?" என்று ஆச்சி கேட்டதை நீயே என்னிடம் சொல்லிச் சிரித்தாய். வந்து பார்த்த மெக்கானிக், "லைட்ட அணைக்காமப் போயிட்டீக பாய்" என்றான். வந்து ஏறும்போது கைப்பழக்கத்தில் அணைத்திருப்போம் என்று நீயும் நம்பிவிட்டாய். அடுத்த வாரம் உன் வீட்டு வாசலிலேயே வண்டி மறுபடியும் மக்கர் செய்தது.

அதன்பின் நீ காரைவிட்டு இறங்கிப் பத்தடி நடந்து, திரும்பிப் போய் லைட்டைப் பார்க்க ஆரம்பித்தாய். உன் மனைவி ஜமீலா என்னிடம் வந்து, "அண்ணே, இவுகளுக்கு என்னமோ ஆயிருச்சு. பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயி லைட்டப் பாத்துட்டு வாராக" என்று கண்கலங்கினாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் சாவியை ரியாஸிடம் கொடுத்துவிட்டாய். லைட்டை மறந்ததில் கெட்டுவிட்டது என்று அந்தப் பேட்டரியையும் அவன் மாற்றிவிட்டான். டீக்கடையில் என்னிடம் சொன்னாய்: "ஏறி உக்கார்றவுக உசுரு என் கையில இருக்கு மச்சான். இன்னைக்கு லைட்ட மறந்தவன் நாளைக்கு பிரேக்க மறக்கமாட்டான்னு என்ன நிச்சயம்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாகுதுல்ல, நம்ம ரெண்டு பேருக்கும்." டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல நீ தலையாட்டினாய். கடைக்காரர் உனக்கு விற்றது பழைய பேட்டரி மட்டும்தான். உன் புத்தி பழுதாகிவிட்டது என்று உன்னை நம்பவைத்தவன் நான். நாற்பது வருஷம் ஓட்டியவன், கடைசி மூன்று வருஷமும் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே போய்விட்டாய்.

சில நாள் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அத்தனை வருஷம் வண்டியோடு வாழ்ந்தவனுக்குப் பேட்டரி சரியில்லை என்பது புரியாமலா இருந்திருக்கும்? புரிந்தும், என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாயா? அப்படி இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன். அப்படி இருந்தால், உன் புத்தியை நீ சந்தேகிக்கவில்லை என்று எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் தோன்றுகிறது. இரண்டில் எது என் உண்மையான மனசு என்று எனக்கே தெரியவில்லை.

ஊர் வாசிக்கும் மலரில் ஒளிந்துகொண்டு சொல்வதும் கோழைத்தனம்தான். அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ரியாஸ் வீட்டுக்கு வந்ததும், அவனையும் ஜமீலாவையும் உட்காரவைத்து இதை வாசித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் அச்சுக்குப் போகும். என் குரல் பாதியில் நின்றுவிடும், தெரியும். நின்றால் தாளை ரியாஸ் கையில் கொடுத்து மிச்சத்தை வாசிக்கச் சொல்வேன். "உன் அத்தாவுக்குக் கடைசிவரை ஞாபகம் தெளிவாவே இருந்துச்சு" என்பதை மட்டும் அவன் முகத்தைப் பார்த்து நானே சொல்வேன்.

நீ மச்சான் என்று கூப்பிட்டு நம்பிய,
ராமநாதன்