ஒரே ஒரு மூடி

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

சரசு அக்காவின் மாவு மில்லில் மூடி உடைந்துவிட்டது. அரைக்கும் தட்டுகளை உள்ளே வைத்துப் பூட்டுகிற வார்ப்பிரும்பு மூடி. தோசைக்கல் அகலம் இருக்கும். யாரோ பச்சரிசியோடு ஒரு போல்ட்டையும் சேர்த்து அரைக்கக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று துண்டு. அக்கா துண்டுகளைச் சாக்கில் சுற்றி, டன்லப் தெருவிலிருந்து தோ பாயோவில் என் வீட்டுக்கு ரயிலில் தூக்கி வந்தாள், அறுபத்து மூன்று வயதில்.

"நீதான இஞ்சினியரு. பாரு."

நான் இப்போது இஞ்சினியர் இல்லை. அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்றுபோனால் வருகிற புகார்களைப் பதிவு செய்கிறவன். அவளுக்கும் அது தெரியும்.

15 ஆகஸ்ட்

நான் வேண்டாம் என்று சொல்லியும் அக்கா வெல்டிங் கடையில் கொடுத்துப் பற்றவைத்துப் பார்த்தாள். ஆறும்போதே பக்கத்தில் இன்னொரு விரிசல் ஓடியது. வார்ப்பிரும்பு அப்படித்தான். என் பேச்சை யார் கேட்டார்கள், இதுவரை?

மில்லைச் செய்த கோயம்புத்தூர் கம்பெனி மூடிப் பல வருடம். புது மில் வைக்கக் கட்டடச் சொந்தக்காரர் விடமாட்டார். மாடியில் விடுதி நடத்துகிறவர் சத்தம், சத்தம் என்று அவரை ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கிறார். பழையது ஓடும்வரை ஓடலாம் என்பதுதான் பேச்சு. ஆக, இதே மாதிரி ஒரு மூடி வார்த்தாக வேண்டும். ஒன்றே ஒன்று.

17 ஆகஸ்ட், ஞாயிறு

அக்கா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "தீபாவளிக்குள்ள ஓடலன்னா சாவியக் குடுத்துட்டு வித்யாகிட்ட போயிடறேன்டா. பெர்த்துல குளிரு, பரவால்ல, கம்பளி வாங்கித் தர்றேங்குறா."

வித்யா அவளுடைய மகள்.

வேலை போனதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மில்லின் பின்னறையில்தான் சாப்பிடுகிறேன். ஆறு வருடம். அதற்கும் மூடிக்கும் சம்பந்தமில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

22 ஆகஸ்ட்

ஃபவுண்டரி தேடல். துவாஸில் ஒன்று இப்போது குளிர்பதனக் கிடங்கு. ஜூரோங்கில் ஒன்று பித்தளை மட்டும். இன்னொரு இடத்தில் எடுத்த எடுப்பில், "எத்தனை நூறு பீஸ்?" ஒன்று என்றேன். "ஒன் ஹண்ட்ரட்?" இல்லை, ஒன்று. அந்தப் பெண் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ சொன்னாள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

29 ஆகஸ்ட்

கோயம்புத்தூரில் ஒருவர் சம்மதித்தார். அச்சு செய்து, வார்த்து, கப்பலில் வந்து சேர நவம்பர் ஆகுமாம். தீபாவளி அக்டோபர் இருபது.

3 செப்டம்பர்

மீதி இருக்கிற பெயர் ஒன்றுதான். முத்துராமன்.

அழைக்கப் போவதில்லை.

5 செப்டம்பர்

ஏன் என்று எழுதிவிடுகிறேன்; இல்லாவிட்டால் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

புதுக்கோட்டையிலிருந்து வந்தவர். கப்பல் பட்டறையில் எனக்குக் கீழே எட்டு வருடம். வேலை கற்றுக்கொடுத்தது நான். 2019இல் ஒரு பம்ப் உறை அளவு தவறிப் போய், கப்பல் நான்கு நாள் தாமதமாகக் கிளம்பியது. விசாரணை வைத்தார்கள். அறிக்கையில் அவர் சொன்னதாக ஒரு வரி: "நான் கேட்டேன். அவர் தெளிவாகப் பதில் சொல்லவில்லை." மூன்று மாதத்தில் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர். இருபத்தாறு வருட வேலைக்கு ஒரு வரி. அவர் அடுத்த வருடமே வெளியே வந்து சுங்கை காடுட்டில் சொந்தமாகக் கடைசல் பட்டறை போட்டுவிட்டார்.

அக்காவிடம் அவர் பெயரை நான் சொன்னதே கிடையாது. "அந்தப் பாம்பு" என்பேன்.

8 செப்டம்பர்

அழைத்தேன்.

"சார்! எப்படி இருக்கீங்க சார்?" ஒன்றுமே நடக்காத மாதிரி. மூடியைப் பற்றிச் சொன்னேன். "ஒண்ணுதானா? இங்க யாரும் செய்ய மாட்டாங்க சார். மலேசியாவுல, கூலாய்ல ஒரு சின்ன ஃபவுண்டரி இருக்கு. சாக்கடை மூடி ஊத்துறவங்க. அவங்க ஊத்தி முடிச்சு மிஞ்சுற இரும்புல நம்மளோடத ஊத்தச் சொல்லலாம். வந்ததும் நான் கடைஞ்சு தர்றேன்."

நன்றி என்றேன். போனை வைத்துவிட்டேன்.

10 செப்டம்பர்

உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்து, வரைபடம் போட்டேன். மூன்று மணி நேரம். கை மறக்கவில்லை. கடைவதற்கு இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் விட்டிருக்கிறேன். சுத்தமான வரைபடம். கப்பல் பட்டறையில் இப்போது இப்படிப் போட யார் இருக்கிறார்கள்?

15 செப்டம்பர்

கூலாயிலிருந்து மேற்பார்வையாளர் ரெங்கசாமி பேசினார். மலேசியத் தமிழர். "அண்ணே, ட்ராயிங் கெடச்சிச்சு. சுருக்கம் சேத்துட்டீங்களா, இல்ல நாங்க சேக்கணுமா?"

உருகிய இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அச்சை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். முதலாண்டு மாணவனுக்குத் தெரிந்தது. என்னிடம் கேட்கிறார், சாக்கடை மூடி ஊற்றுகிறவர்.

"எல்லாம் ட்ராயிங்ல இருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சா போதும்," என்றேன்.

"சரி லா அண்ணே," என்று வைத்துவிட்டார்.

27 செப்டம்பர், சனி

இன்று ஊற்றினார்கள். ரெங்கசாமி படம் அனுப்பினார். அழகாக வந்திருக்கிறது. அக்காவுக்கு அனுப்பினேன். "கறுப்பா இருக்கே" என்று பதில்.

30 செப்டம்பர்

முத்துராமன் பட்டறையிலிருந்து அழைத்தார். "சார், இது நிக்காது. கடைஞ்சு முடிச்சா விளிம்பு எரநூத்தி அறுபது வரணும். கடையறதுக்கு முன்னாடியே எரநூத்தி அம்பத்தொம்பதரைக்குள்ளதான் இருக்கு. மாட்டினா ஆடும். தட்டும் தட்டும் ஒரசி மாவுல இரும்புத்தூள் விழும்."

அடக்க முடியவில்லை. ரெங்கசாமிக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். தொழில் தெரியாதவர்கள் எதற்கு வேலையை எடுக்கிறீர்கள் — இன்னும் என்னென்னவோ. ஒரு வாரமாக அக்கா கடையில் வந்து கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருபது நாள்தான் இருக்கு. யாருக்காவது அக்கறை இருக்கா?

1 அக்டோபர்

ரெங்கசாமி குரல் பதிவாகப் பதில் அனுப்பியிருக்கிறார். கோபமில்லை.

"அண்ணே, நான் கேட்டேன். நீங்க தெளிவா சொல்லல. ட்ராயிங்ல இருக்குன்னீங்க, சரி சேத்தாச்சுன்னு நெனச்சு அதே அளவுக்கு அச்சு செஞ்சிட்டோம்."

பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

2 அக்டோபர்

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கடைவதற்கான இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறது. சுருக்கம் இல்லை. சேர்த்திருப்பதாகவும் இல்லை, சேர்க்க வேண்டும் என்றும் இல்லை. அச்சு செய்கிறவர்கள்தானே சேர்ப்பார்கள் என்று விட்டிருக்கிறேன். நினைத்ததை எழுதவும் இல்லை, கேட்டவரிடம் சொல்லவும் இல்லை.

அந்தப் பம்ப் உறை. பூச்சுக்கு முன்னால் உள்ள அளவா, பின்னால் உள்ள அளவா என்று முத்துராமன் என் மேசைக்கு வந்தார். பச்சைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ட்ராயிங்கப் பாருங்க" என்றேன்.

சொன்னேன். இது ஞாபகம் இல்லாமல் இல்லை. இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தேன்?

3 அக்டோபர்

ரெங்கசாமியை அழைத்தேன். "சுருக்கம் நான் சேக்கல. உங்ககிட்ட சொல்லவும் இல்ல. தப்பு என்னோடது. அந்த மெசேஜ அழிச்சுடுங்க."

"அழிச்சா மட்டும் போச்சா அண்ணே? எங்காளுங்க எல்லாரும் படிச்சாச்சு," என்று சிரித்தார். "அச்சோட விளிம்புல பட்டை ஒட்டிப் பெருசாக்கிக்கிறேன். அடுத்து பதினொண்ணாந் தேதி ஊத்துறோம். அத விட்டா தீபாவளி கழிச்சுத்தான்."

முத்துராமனிடமும் சொன்னேன், மூடியைப் பற்றி. "பரவால்ல சார்" என்றார். பம்ப் உறையைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

11 அக்டோபர், சனி

கூலாய்க்குப் போனேன். எல்லைப் பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்றது பஸ். தகரக் கொட்டகை, தரையெல்லாம் கறுப்பு மணல். இருபது முப்பது அச்சுப் பெட்டிகள் வரிசையாக, நடுவில் நம்முடையது தனியாக, சிறியதாக. ரெங்கசாமி ஐம்பது வயது, கட்டை குட்டையானவர், புருவத்தில் முடியே இல்லை.

"படிக்கத் தெரிஞ்ச அண்ணன் நீங்கதானா?" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. நான்தான் என்றேன்.

ஒரே ஒரு துண்டுக்காக யாரும் உலை மூட்ட மாட்டார்கள். வழக்கமாக எல்லாம் ஊற்றி முடித்துக் கடைசியில் மிஞ்சியது நமக்கு. மிஞ்சிய இரும்பு கொஞ்சம் ஆறியிருக்கும். ஓரங்களுக்கு ஓடிச் சேராமல் போகலாம். இன்று முதல் கரண்டியை நம் பெட்டிக்குக் காட்டினார்.

"ஏன்?" என்றேன்.

"இன்னொரு தடவ ஒங்க மெசேஜ் படிக்க ஏலாது லா."

வெளிச்சத்தில் கண் கூசியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

14 அக்டோபர்

263.2. முத்துராமன் அளந்து சொன்னார். கடையப் போதுமான அளவு இருக்கிறது.

16 அக்டோபர்

மாட்டினோம். ஓடுகிறது. ஆடவில்லை, உரசவில்லை. பத்தே நிமிடத்தில் விடுதிக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா அவருக்குக் கை அசைத்தாள்.

முக்கால்வாசிப் பேர் இந்த வருடம் பாக்கெட் மாவு வாங்கிவிட்டார்கள். மிச்சப் பேர் வாசலில் டின்னோடு நிற்கிறார்கள்.

19 அக்டோபர், ஞாயிறு

கடைசி நாள் கூட்டம். அக்காவுக்கு உதவியாகக் காலையிலிருந்து மில்லில் நின்றேன். பதினொரு மணிக்கு முத்துராமன் ஒரு வாளி அரிசியும் உளுந்துமாக வந்தார். மூடியைக் கடைந்துகொடுத்தவர் இவர்தான், முன்பு என்னோடு வேலை பார்த்தவர் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பட்டறையில ஒன்கூட இருந்தவரா? ஏன்டா, இந்தத் தம்பிதானா அந்தப் பாம்பு?"

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்துராமன் என்னைப் பார்த்தார்.

"ஆமா," என்றேன். "பம்ப் விஷயத்துல நீங்க வந்து கேட்டீங்க. நான்தான் சொல்லல."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அது தெரியும் சார்," என்றார். பிறகு, "எம் பொண்டாட்டி உங்களுக்கு வேற பேரு வச்சிருக்கா."

என்ன பேர் என்று கேட்கவில்லை. அக்கா கேட்டாள். அவர் சொல்லவில்லை.

வாளியை எடுத்து மில்லின் தொட்டியில் கொட்டினேன்.

"முறுக்குக்கா, அதிரசத்துக்கா?"

"முறுக்குக்கு சார்."

"நைஸாவா?"

"நைஸாத்தான்."

"முறுக்குக்கு. நைஸா. சரிதானே?"

"எத்தன தடவடா கேப்ப, கூட்டம் நிக்குது பாரு," என்றாள் அக்கா.

சரிதான் என்று அவர் தலையாட்டிய பிறகு, தட்டுகளை நெருக்குகிற திருகை இறுக்கினேன்.