சிவப்புப் பொட்டு வச்ச பேட்டரி

கொங்ஸ்பெர்க்,
மார்ச் 24

அன்புள்ள ரூனாவுக்கு,

அம்மா எழுதிக்கிறது. இங்க எங்க ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல, முழங்கால் வலி எப்பவும் போல. அங்க சிட்னியில நீயும் உன் வெயிலும் சௌக்கியமான்னு எழுது. இதை போன்லயே சொல்லியிருக்கலாம்தான், ஆனா நான் போனை எடுத்தா போதும், உங்கப்பா எதையோ தேடுற மாதிரி கூடத்துக்கு வந்து நின்னுடுறார், கை அலமாரியில, காது நம்ம பேச்சுல. இப்போ வாசல்ல பனி தள்ளிக்கிட்டு இருக்கார், உள்ள வர்றதுக்குள்ள எழுதிடணும். நான் எழுதினேன்னு அவர்கிட்ட மூச்சு விடாதே.

முதல்ல உனக்கு ஒரு பெரிய நன்றி சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி கிறிஸ்துமஸுக்கு வர முடியலைன்னு ஒரு பார்சல் அனுப்பினியே, சார்ஜ் பண்ற பேட்டரி எட்டு, கூடவே ஒரு சார்ஜர். நமக்கு ஒண்ணு, சிக்ரூன் அத்தைக்கு அச்சு அசலா அதே மாதிரி இன்னொண்ணு. ஓரவஞ்சனையே தெரியாத பொண்ணு நீ. அந்த ரெண்டு பார்சலும் சேர்ந்து ஒரு அக்காவையும் தம்பியையும் பிரிச்சு, உன் தாத்தா கட்டின மலைவீட்டை விக்கிற வரைக்கும் கொண்டு வந்துடுச்சு. முப்பத்தெட்டு வருஷமா இந்த வீட்டு மருமகளா இருக்கேன், என் நாத்தனாரை நான்கூட இவ்வளவு தூரம் விரட்டினதில்ல. நீ ஆறு யூரோவோ பத்து டாலரோ குடுத்து முடிச்சுட்ட.

நடந்தது இதுதான். அக்டோபர்ல உங்கப்பா எட்டு பேட்டரியையும் ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டு, மலைவீட்டுக்குக் கொண்டுபோய் நாலை ரேடியோவுல போட்டார், நாலை இழுப்பறையில வச்சார். ஈஸ்டருக்கு வழக்கம்போல ஆரஞ்சை உரிச்சுக்கிட்டு ரேடியோவுல கொலைக்கதை கேக்கணுமில்ல, அங்கதான் கரண்டு கிடையாதே. போறதுக்கு முன்னாடி வழக்கம்போல எட்டுக்கும் அடியில சிவப்புப் பெயிண்ட்ல ஒரு பொட்டு வச்சார். மண்வெட்டி, பிளாஸ்க், பனிச்சறுக்குக் கட்டை, அவரோட எல்லாத்துக்கும் பொட்டு உண்டு, என்னை மட்டும் எப்படி விட்டாரோ. நவம்பர்ல உன் அத்தை குடும்பம் ஒரு வாரம் போய் இருந்துட்டு வந்தாங்க. பிப்ரவரி லீவுல உங்கப்பா தனியா மேல போய் ரேடியோவைத் திருகினா சத்தமே இல்ல. இழுப்பறையில இருந்ததைப் போட்டார், அதுவும் செத்துப்போச்சு. மூக்குக்கண்ணாடியை வழக்கம்போல கார்லயே விட்டுட்டுப் போனவர், பேட்டரியைத் திருப்பிப் பாக்கணும்னு தோணல. என் பேட்டரியை எடுத்துக்கிட்டு, அவங்க வீட்டுச் செத்த பேட்டரியை வச்சுட்டா எங்க அக்கான்னு முடிவு பண்ணிட்டார்.

கீழ வந்து அத்தைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல தீர்ந்திருக்கும். ஆனா நம்ம ஆளுங்க நேருக்கு நேர் திட்டிக்குவாங்களா, அநாகரிகம் ஆச்சே. போறவங்க எல்லாம் எழுதி வைக்கிற மலைவீட்டு நோட்டுல எழுதிட்டார். தேதி, மைனஸ் பதினாலு டிகிரி, லேசான காத்து, அதுக்குக் கீழ, நல்ல பேட்டரியை எடுத்துட்டுப் போறவங்க நல்லதையே திருப்பி வச்சா நல்லதுன்னு. பேர் போடலையாம், பெருந்தன்மை. அந்த நோட்டுக்குத்தான் ரெண்டு சட்டம் உண்டே, தாத்தா போட்டது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, நோட்டு வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது. எழுதினது எழுதினதுதான். அடுத்த சனிக்கிழமை உன் அத்தை போய்ப் படிச்சாங்க. கீழயே பதில் எழுதினாங்க, எனக்கு யார் வீட்டு பேட்டரியும் வேண்டாம், சாவி மேஜை மேல இருக்கு, வீட்டுல என் பாதியை வித்துக்கலாம்னு. நாங்க பின்னால போனப்போ சாவி அங்கதான் கிடந்தது.

உங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா, ஈஸ்டருக்கு நாம ரெண்டு பேர் மட்டும் போலாம், நிம்மதியா இருக்கும்னார். நிம்மதியா இருக்கிற மூஞ்சியா அது! ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா போன் பண்ற நேரத்துக்குக் காபியை வச்சுக்கிட்டு ஜன்னல்கிட்ட நிக்கிறார், போன் வரல, காபியைக் கொட்டிட்டுப் போறார். அவங்கம்மா போனப்போ இவருக்கு ஏழு வயசு. பனியில முன்னாடி சறுக்கிப் பாதை போட்டு இவரை ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டவங்க அந்த அக்காதான்.

சாட்சியம்னு அந்த எட்டு பேட்டரியையும் பிளாஸ்டிக் பையில கட்டிக் கொண்டு வந்திருந்தார், போலீஸ்காரர் தோத்தார். நான் அந்தப் பையையும் உன் சார்ஜரையும் எடுத்துக்கிட்டு டவுன்ல இருக்கிற எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா சார்ஜரைக் கையில வாங்கி, பல்லு பிடுங்கப் போறவ மாதிரி பார்த்தாங்க. ஒரே ஒரு விளக்கு, ரெண்டு ரெண்டா ஜோடி போட்டாத்தான் வேலை செய்யும், ஒண்ணு நிறைஞ்சாலும் இன்னொண்ணுக்காகப் போட்டு வேக வைக்கும், எப்ப நிறுத்தணும்னு அதுக்கே தெரியாது, இதை யார் வாங்கினாங்கன்னாங்க. இன்ஜினியர் பொண்ணுன்னு சொல்ல வாய் வரல, தெரிஞ்சவங்கன்னேன். பேட்டரி மேல சக்தி மூவாயிரத்து முந்நூறுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, அவங்க மெஷின்ல வச்சுப் பார்த்தா எண்ணூறைத் தாண்டல. அதையும் விடு, இந்த ரகம் சும்மா கிடந்தாலே கொஞ்சம் கொஞ்சமா சக்தியை விட்டுடுமாம், நாலு மாசம் இழுப்பறையில கிடந்தா ஒண்ணும் மிஞ்சாது, யாரும் தொடக்கூட வேண்டாம்னாங்க. சொல்லிக்கிட்டே ஒண்ணைத் திருப்பினாங்க, இதென்ன அடியில சிவப்பான்னாங்க. எட்டையும் திருப்பினேன். எட்டுலயும் பொட்டு. அங்க இருந்த ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

உனக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் அடுத்த பார்சலுக்கு முன்னாடி படிச்சுக்கோ. வாங்கும்போதே சார்ஜ் ஏத்தி விக்கிறாங்களே, அந்த ரகம்தான் வாங்கணும், அது ஒரு வருஷம் கிடந்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ரெண்டாயிரம்னு அடக்கமா எழுதியிருந்தா நம்பு, பெருமையடிக்கிறதை நம்பாதே, மனுஷங்களுக்கும் இது பொருந்தும். சார்ஜர்னா ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி இடம், தனி விளக்கு, நிறைஞ்சா தானா நிக்கணும், கால் மணி நேரத்துல ஏத்துறேன்னு பீத்திக்கிறது வேண்டாம். புதுசையும் பழசையும் ஒரே ரேடியோவுல கலக்காதே. நான் அப்படி ஒரு சார்ஜரும் எட்டு பேட்டரியும் வாங்கிட்டு, பழசைக் கடையில பழைய பேட்டரிக்குன்னு வச்சிருக்கிற பெட்டியில போடாம வீட்டுக்கே கொண்டு வந்தேன். சமையலறை மேஜையில எட்டையும் தலைகீழா நிறுத்தி, பக்கத்துல அவர் கண்ணாடியை வச்சேன். உங்கப்பா கண்ணாடியைப் போட்டார், ஒவ்வொண்ணா எட்டையும் எடுத்துப் பார்த்தார், அப்புறம் காபி ஆறிப்போச்சுன்னார்.

அந்த சனிக்கிழமை ரெண்டு பேரும் மேல போனோம். புது பேட்டரி போட்டதும் ரேடியோ கணீர்னு பாடிச்சு. அவர் நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தார், பக்கத்தைக் கிழிச்சுடட்டுமான்னுகூட கேட்டார், கிழிச்சா சட்டம் போட்டவர் கல்லறையில இருந்து எந்திரிச்சு வருவார்னேன். கடைசியில எழுதினார். மைனஸ் பதினொண்ணு, வடக்குக் காத்து, ரேடியோ பாடுது, பேட்டரி அடியில சிவப்புப் பொட்டு இருந்தது, கீழ ஹால்வோர்னு தன் பேர். இவ்வளவுதானான்னேன். இதுக்கு மேல என்ன இருக்குன்னார். சரி, அவங்க வந்தாத்தானே படிப்பாங்க, சாவி இங்க கிடக்கே, நோட்டு வெளிய போகக் கூடாதேன்னேன். சாவியை எடுத்துச் சட்டைப் பையில போட்டார். கீழ இறங்கினதும் காரை நேரா அத்தை வீட்டுக்கு விட்டார், சொல்லாம கொள்ளாம, நாப்பது வருஷத்துல முதல் தடவை. நான் கார்லயே இருந்தேன். கதவைத் திறந்தவங்க கையில சாவியை வச்சுட்டு, "மலைவீட்டுல படிக்க ஒண்ணு இருக்கு"ன்னார், திரும்பி வந்துட்டார். கார்ல உக்காந்து கண்ணாடியைக் கழட்டி கர்ச்சீப்பால துடைச்சார், துடைச்சுக்கிட்டே இருந்தார்.

நேத்து ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு போன் அடிச்சுது. என்னைத்தான் கேட்டாங்க. அத்தை முந்தின நாள் தனியா சறுக்கிக்கிட்டு மேல போய்ட்டு வந்திருக்காங்க. அவங்களுக்கு நீ அனுப்பின எட்டையும் ஆறாவது மாசமே தூக்கிப் போட்டாச்சாம், உன் மனசு கஷ்டப்படும்னு ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லலையாம். நோட்டுல என்ன எழுதினேன்னு அப்படியே மனப்பாடமா ஒப்பிச்சாங்க. மைனஸ் ஆறு, வெயில், படிச்சேன், ஈஸ்டர் வாரப் புதன்கிழமை ஆரஞ்சோட வர்றோம், ஹால்வோர் கண்ணாடி கொண்டு வரணும். அதுக்குக் கீழ அரைப் பக்கம் கோடு போட்டுக் காலியா விட்டிருக்காங்க. "இந்த இடம் பேட்டரி அனுப்பினவளுக்கு, வந்து எழுதட்டும், அதுவரைக்கும் இதுல யாரும் எழுதக் கூடாது"ன்னு எழுதியிருக்காங்களாம். அதைக் கேட்டதும் போனை அப்பா கையில குடுத்துட்டேன்.

பனி தள்ற சத்தம் நின்னுடுச்சு, முடிக்கிறேன். வெயில்ல தொப்பி போடாம அலையாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் உன்கிட்ட வராம நீ நல்லா இருக்கணும். பார்சல் எதுவும் இனி அனுப்பாதே. இந்த ஈஸ்டருக்கு முடியாதுன்னு தெரியும், அந்த அரைப் பக்கம் அடுத்த ஈஸ்டர் வரைக்கும் காலியாவே இருக்கும். பேனா கொண்டு வர வேண்டாம், நோட்டோடயே நூல்ல கட்டியிருக்கு.

உன் அம்மா,
ஆஸ்ட்ரி