கோளாறு பெட்டியிலா, காதிலா

1979, ஆவணி 31, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். துணி உலரவில்லை. கரியாஹாட் மார்க்கெட்டில் கத்தரிக்காய் தளதளவென்று இருந்தது. முருங்கைக்காய் இல்லவே இல்லை. பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கி வாசலில் கால் வைக்க இடமில்லை. வங்காளிப் பையன்கள் "ஷாப்தானே மாஷிமா", பார்த்து மாமி, என்று கையைப் பிடித்துத் தாண்டவைத்தார்கள்.

ரகு டாக்ஸியில் இரண்டு பெரிய பெட்டியோடு வந்தான். ஸ்பீக்கராம். அலிப்பூரில் எந்த துரை வீட்டிலோ இருந்தது, ஏலத்தில் எடுத்தானாம். என் இடுப்பு உயரம். தேக்கு. முன்னால் கோணி மாதிரி துணி. பின்னாலிருந்து இரண்டு கரப்பான்.

"எத்தனை வயசுடா இதுக்கு?"

"என்னைவிடச் சின்னது, உமாவைவிடப் பெரிசும்மா."

எல்லாம் இவருக்காக. இரண்டு வருஷமாகக் கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. போன நவராத்திரி பஜனையை ரகு டேப்பில் பிடித்துவைத்திருக்கிறான், மிருதங்கம் இவர்தான். அதைப் பெரிசாகப் போட்டுக் காட்டினால் அப்பாவுக்குக் குஷி வரும் என்கிறான். என் பிள்ளைக்கு இந்த மனசு யார் சொல்லியும் வரவில்லை.

புரட்டாசி 1, திங்கள்

காலை முழுக்கக் கொலுப் பொம்மை துடைத்தல். செட்டியார் கை உடைந்திருக்கிறது. கோந்து வாங்கணும். சோழியும்.

சாயங்காலம் கரண்ட் போய், வந்தது. ரகு புது ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்தான் (இந்தப் பேரை மூன்று தரம் அடித்து எழுதினேன்). டிரான்சிஸ்டர் செட். பளபளவென்று சிகரெட் டப்பா மாதிரி. எல்லோரும் உட்கார்ந்தோம். இவர் வேஷ்டி மாற்றிக்கொண்டு வந்தார், கச்சேரிக்குப் போகிற மாதிரி.

டேப் ஓடியது. ஜால்ரா காதைக் குத்தியது. பேத்தி உமா பொத்திக்கொண்டாள். இவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பாட்டு பரவாயில்லை. மிருதங்கம் மட்டும் தகரத்தில் நகத்தால் தட்டுகிற மாதிரி. இடது கை இல்லவே இல்லை.

"எங்கேடா என் மிருதங்கம்?"

"வாசிக்கறது நன்னாக் கேக்கறதேப்பா."

இவர் "சரி" என்றார். எழுந்து போய்விட்டார். அந்த ஒரு "சரி" எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கும் இடந்தலை கேட்கவில்லை என்று ரகுவிடம் சொன்னேன். "நீ அப்பாவுக்குப் பரிஞ்சுண்டு வராதேம்மா. புது செட். ஆபீஸ்ல எல்லாரும் இதைத்தான் வாங்கறா." ஐந்தாங் கிளாஸ் படித்தவளுக்குக் காது கூடவா ஐந்தாங் கிளாஸ்?

புரட்டாசி 3, புதன்

புழுக்கம். உமா காலேஜில் ஸ்ட்ரைக். வீட்டிலேயே இருந்து வெல்லம் முழுக்கத் தின்றாள்.

இவர் லேக் பக்கம் நடந்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். பஜனை வைத்தியநாதனிடம் சொல்லியாச்சாம், நவராத்திரியில் வருகிற வெள்ளிக்கிழமை பஜனைக்கு வேறு மிருதங்கம் பார்க்கச் சொல்லி.

"என்ன அவசரம்?"

"காது போனவன் தாளம் பிடிக்கப்படாது. நடுவில உளறினா பாடறவா மானம்னா போகும்."

பெட்டியில்தான் கோளாறு என்றேன். இரண்டு தடவை கத்திச் சொன்னேன். "உனக்குப் பெருமை, மீனா. ஆம்படையான் காது போச்சுன்னு நாலு பேர் சொல்லப்படாது, அவ்வளவுதான்" என்கிறார். பெருமைதான். நாற்பது வருஷமாக அந்த மிருதங்கத்தின் இடந்தலையில் அப்ப ரவை பிசைந்துகொடுக்கிறேன், எனக்கு இல்லாத பெருமையா? கட்டியாகப் பிசைந்தால் இடந்தலை ஊமை. தண்ணீர் தொட்டு இளக்கினால்தான் கும்மென்று எழும்பும். அந்தப் பதம் இந்தக் கைக்குத் தெரியும்.

இன்றைக்கு ரவை கேட்கவில்லை. மிருதங்கத்துக்கு உறை போட்டு அலமாரி மேலே ஏற்றிவிட்டார்.

புரட்டாசி 4, வியாழன்

இவர் முன்னறையில் பேப்பர். நானும் உமாவும் மிருதங்கத்தை இறக்கி உள்ளறையில் வைத்தோம். நடுவில் சுவர். "இடது பக்கம் மட்டும் தட்டுடி" என்றேன். தட்டினாள்.

பேப்பர் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. "யாரது, ரவை வைக்காம இடந்தலையை அடிக்கறது? தோலு போயிடும்!"

உமா என்னைக் கட்டிக்கொண்டாள். "பாட்டி, தாத்தா பாஸாயிட்டார்!"

"இரு, வலது பக்கம் தட்டு."

தட்டினாள். கணீரென்று கேட்டது எங்களுக்கு, அங்கேயிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக. ஒன்றும் இல்லை. பேப்பரைப் புரட்டினார், அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் ரகுவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது, பெட்டிக்கு முன்னால் கேட்கவில்லை என்றால் குற்றம் யாருடையது? சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். "விசாரிக்கறேம்மா" என்றான்.

புரட்டாசி 6, சனி

கொலு முதல் நாள். ஐந்து படி. செட்டியார் கை நிற்கவில்லை, மேலே துணி போர்த்திவிட்டேன். சுண்டல் கடலை. உப்புக் கம்மி, யாரும் சொல்லவில்லை, சொல்லாததே தெரிந்தது.

ரகு டாலிகஞ்ச் போய்வந்தான். அங்கே தாஸ் பாபு என்று ஒருத்தர், முன்னே சினிமா ஸ்டூடியோவில் ஒலிச் சாமான்களைப் பார்த்துக்கொண்டவர். ஸ்பீக்கருக்குப் பின்னால் 15 ஓம் என்று எழுதியிருக்கும் என்றாராம், நாங்கள் யாரும் பார்க்கவில்லை, இருக்கிறது. அந்தக் கணக்கு ஸ்பீக்கருக்குப் புது செட் தன் பலத்தில் பாதிதான் கொடுக்குமாம். அதைவிடப் பெரிய விஷயம், உள்ளே இருக்கிற காகிதக் கூம்பைப் புது செட் இறுக்கிப் பிடித்துவிடுகிறதாம். பழைய காலத்து வால்வு செட் கொஞ்சம் விட்டுப் பிடிக்கும். அந்த நாளில் ஸ்பீக்கர் பண்ணினவர்கள் அதை நம்பித்தான் பண்ணினார்கள். விட்டுப் பிடித்தால்தான் அடிக்குரல் எழும்பும்.

"கட்டியாப் பிசைஞ்ச ரவை" என்றேன்.

ரகு என்னைப் பார்த்தான். "அதேதாம்மா."

ஆனால் வால்வு செட் எங்கே? தாஸ் பாபுவிடம் இருக்கிறதெல்லாம் பந்தல்களுக்கு வாடகைக்குப் போயாச்சு. ஒன்றே ஒன்று மிச்சம். சத்தம் போதாது, கனம் ஜாஸ்தி என்று பூஜைக் கமிட்டி திருப்பி அனுப்பியது. லக்ஷ்மி பூஜை வரை வைத்துக்கொள் என்று கொடுத்தாராம்.

புரட்டாசி 7, ஞாயிறு

நல்ல வெயில். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அழகே இல்லை. இரும்பு. மேலே கண்ணாடிக் குமிழ்கள், உள்ளே சின்னச் சின்னத் தணல். கொலு விளக்கு மாதிரி இருந்தது, உமா கும்பிட்டாள்.

பின்னால் மூன்று திருகாணி. 4, 8, 15. ரகு பழக்க தோஷத்தில் 4-இல் மாட்டினான். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வந்தது. "பாபா, பதினஞ்சு!" என்று உமா கத்தினாள். அசடு வழிந்துகொண்டே மாற்றினான். மாற்றி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம். விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். இவர் உள்ளே படுத்திருந்தார். "எனக்கெதுக்கு? நீங்க கேளுங்கோ."

கரண்ட் வந்தது. செட் சூடாக ஒரு நிமிஷம். டேப் ஓடியது.

எப்படி எழுதுவது. கும். முதலில் என் நெஞ்செலும்பில்தான் தெரிந்தது, அப்புறம்தான் காதில். கொலுவில் பித்தளைக் கிண்ணம் கிணுகிணுத்தது. சத்தம் பெரிசு இல்லை. நிறைவு. இடது கை மெல்லத் தேய்த்து இழுக்கிறதுகூட வந்தது.

திரும்பினால் இவர் நிலைப்படியில். தலை கலைந்து.

"இது ஆறாம் நாள் வாசிச்சது" என்றார். விரல் தொடையில் தாளம் போட்டது. "இரு. இப்போ வரும். இந்த இடத்தில ஒரு அடி விட்டேன்."

விட்டார். டேப்பில், அதே இடத்தில்.

ரகு முகத்தைத் துடைத்துக்கொண்டான், வியர்வைதான் என்று சொன்னான். இவர் பெட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு முழு டேப்பும் கேட்டார்.

புரட்டாசி 8, திங்கள்

காலையில் வைத்தியநாதனுக்குப் போன். "வேற ஆள் வேண்டாம். நானே வரேன்." அவர் அங்கே என்ன சொன்னாரோ, இவர் சிரித்தார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. "பாத்தேளா? நான் சொன்னேனே! பெட்டிதான் கோளாறு, காது இல்லை!" என்றேன். எதிரே நின்றுகொண்டுதான்.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனா, இடந்தலை முழுக்கக் கேட்டது. வலந்தலை ஏதோ கால்வாசி. மீதி கை ஞாபகம். ஜால்ரா உண்டா அதில?"

"உண்டு. காதைப் பிளக்கறது."

"எனக்கு இல்லை. நீ பேசறதும் இல்லை. கீச்சுக் குரலாச்சே. உதட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். ரெண்டு வருஷமாத் தலையாட்டிண்டிருக்கேன்."

இரண்டு வருஷம். என் தங்கைக்கு ஆபரேஷன் என்று அழுதேன், தலையாட்டினார். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு எத்தனை பேசியிருப்பேன். எதற்கும் மறுபேச்சு சொல்லவில்லை, நல்ல மனுஷன் என்று அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

கோபம் வந்தது. உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அதுவும் இவருக்குக் கேட்டிருக்காது.

வியாழன் காது டாக்டர். ரகு லீவு சொல்லிவிட்டான். இவரே சரி என்றார். எது போச்சு, எது இருக்குன்னு இப்பத் தெரியறது, இனிமே பயமில்லை என்றார்.

மத்தியானம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பந்தல் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். தொண்டையை இறக்கி, ஆம்பிளை மாதிரி, அடி வயிற்றிலிருந்து கேட்டேன், "காப்பி போடட்டுமா?"

திரும்பவேயில்லை.

"போடு. சக்கரை கம்மியா."