லான் அக்கா கடை நூடுல்ஸ்

ஜூலை 4
இன்றும் கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. கீமோவுக்குப் பிறகு எதை வாயில் வைத்தாலும் இரும்பைச் சப்புவது போல இருக்கிறதாம் அவருக்கு. பக்கத்து வீட்டில் கொடுத்த சூப் பொடியைக் கரைக்கலாம் என்று எடுத்தேன். மகன் ஹனீஃப் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஹலால் முத்திரை இல்லை. குப்பைக்குப் போனது.

"முத்திரை போட்டதே கடையில அவ்வளவு இருக்கும்மா. நான் வாங்கிட்டு வரேன்."

பை நிறைய வாங்கி வந்தான். அவர் எதையும் தொடவில்லை. மகனோடு மல்லுக்கட்டவும் எனக்குத் தெம்பில்லை.

ஜூலை 7
விடிந்ததும் அவராகவே பேசினார். "லான் கடை நூடுல்ஸ் வாசனை வர்ற மாதிரி இருக்கு."

சீனக்காரி லான் அக்காவின் கடை சந்தை முனையில். கல்யாணமான புதிதில் வாராவாரம் போவோம். பிறகு, சலித்துவிட்டது என்று அவரே நிறுத்திவிட்டார்.

"வாங்கிட்டு வரவா?"

"வேண்டாம். சும்மா சொன்னேன்."

ஹனீஃபுக்குப் பயப்படுகிறாரோ? பெற்ற பிள்ளைக்கா?

ஜூலை 8
ஹனீஃபிடம் சொல்லாமல் போனேன். 'பன்றி இறைச்சி இல்லை' என்ற பலகை இன்னும் தொங்குகிறது. ஒரு பொட்டலம் கேட்டேன். லான் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாருக்கு, தினி?"

"அவருக்குத்தான். கீமோவுக்கு அப்புறம் எதுவுமே இறங்கலை."

"அப்போ தர மாட்டேன்."

எனக்கு முகம் சுட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "வறுக்கறப்ப சிவப்பரிசி மது ஒரு கரண்டி ஊத்துவேன். எங்கப்பா காலத்து வழக்கம். உன் வீட்டுக்காரர் ஒருநாள் நேராவே கேட்டார், மறைக்காம சொன்னேன். நன்றி சொல்லிட்டுப் போனவர்தான், அப்புறம் வரலை."

சலிப்பும் இல்லை, மகனுக்குப் பயமும் இல்லை. எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லலை? நானும்தானே தின்னேன்? — வந்த பேருந்தில் ஏறத் தோன்றாமல் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 9
தண்ணீர் மட்டும்.

ஜூலை 11
லான் அக்கா வாசலில் நின்றாள், வெறுங்கையோடு. "உன் சட்டி, உன் எண்ணெய், உன் கோழி. கை மட்டும் என்னது."

ஹனீஃப் அடுப்படி வாசலை மறித்தாற்போல நின்றான். "பெரியம்மா, சாஸ் எல்லாம்..."

"நீயே எடுத்துக் குடு தம்பி. படிச்சுப் பார்த்தே குடு. அப்படியே பூண்டையும் உரி."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்துத்தான் கொடுத்தான். அவளுக்குக் கோபமே வரவில்லை.

தட்டைப் பார்த்ததும் அவர், "லான், அது..." என்றார்.

"போடலை."

ஒரு வாய் மென்றார். "வாசனை குறையுதே."

"குறையத்தான் செய்யும். சாப்பிடுங்க."

பாதித் தட்டு காலி.

அவள் போன பிறகு கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அங்க போறதுன்னா உனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த நாளையெல்லாம் எதுக்குக் கெடுக்கணும்?"

போர்வையை இழுத்துவிட்டேன்.

ஜூலை 19
மறுபடி கீமோ. மறுபடி வாந்தி. உடம்பெல்லாம் அலுப்பு — அவருக்கா எனக்கா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 1
காலையிலிருந்து மழை. வாராவாரம் சமைக்க வரும் லான் அக்கா இன்று வரமாட்டாள் என்று கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். வண்டிச் சத்தம். ஹனீஃப் தொப்பலாக நனைந்து நின்றான். பின்னால் அவனுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு லான் அக்கா.

அவளைக் கூட்டிவர நான் அவனைப் போகச் சொல்லவில்லை.