இரண்டாவது பிரதி

மார்ச் 3

என் பயந்தாங்கொள்ளி அக்காவுக்கு,

சௌக்கியமா? பொத்தான் தைத்துத் தைத்து விரலெல்லாம் சல்லடையாகியிருக்கும். எனக்கு இங்கே ஒரே கொண்டாட்டம். பழைய சாமான் கடையில் ஒரு கேசட் கிடைத்தது. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்கிற அதிவேக ஆட்ட இசை! வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தால், நம் ஊரிலேயே யாரோ வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தது. டிரம் தலைதெறிக்க ஓடுகிறது, அடியில் பேஸ் நெஞ்சுக்கூட்டையே உலுக்குகிறது. மேல்வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். ஒரு பாட்டில் சின்னப் பெண் ஒருத்தி "திறங்க, திறங்க" என்று கீச்சுக்குரலில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கேட்டால் நீயே ஆடுவாய்.

உறையில் தபால்பெட்டி எண் இருந்தது. ஒரு கேசட் வாங்கினால் இன்னொரு பிரதியை நாம் சொல்லும் விலாசத்துக்கு இலவசமாக அனுப்புவார்களாம். உனக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். முறைக்காதே! உன்னைக் கட்டிய மாமாவிடமிருந்து நீ தப்பிப் போனதிலிருந்து, உன் விலாசத்தைப் பற்றி அம்மாவிடம்கூட நான் மூச்சு விட்டதில்லை. இதிலும் உன் பெயரை எழுதவில்லை, "என் அக்காவுக்கு" என்று மட்டும்தான் போட்டேன். பாட்டுக்காரனுக்கு நீ யாரென்று எங்கே தெரியப்போகிறது?

உன் செல்லத் தொல்லை,
தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

கேசட் வந்தது. நீ ஆசையாக அனுப்பியதாயிற்றே என்று சமைத்துக்கொண்டே போட்டேன். அது சின்னப் பெண் இல்லையடா. டேப்பின் வேகத்தைக் கூட்டினால் யார் குரலும் அப்படித்தான் கீச்சென்று ஆகும். சக்கரத்தை விரலால் அழுத்தி மெதுவாக ஓடவிட்டுக் கேட்டேன். என் குரல்.

"திறங்க, தண்ணியாவது குடுங்க" என்று பூட்டிய அறைக்குள்ளிருந்து நான் கதறியபோது, உன் மாமா வெளியே ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மைக்செட் வாடகைக்கு விட்டவர்தானே, வீடு முழுக்க டேப்பாகத்தான் கிடக்கும். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு என்ன தெரியும்? பார்சலைத் திருப்பிப் பார்த்தேன். அவர் கையெழுத்தேதான்.

என் பெயரை எழுதவில்லை, சரி. உன் பெயரை எழுதினாயே, என் புத்திசாலியே! அவருக்கு அது போதாதா? படிக்கட்டில் யார் ஏறினாலும் விளக்கை அணைத்துவிடுகிறேன். அலமாரியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறேன். வேலைக்கும் போகவில்லை. மறைக்காமல் எழுது, வேறு யாரிடமாவது சொன்னாயா?

அக்கா

மார்ச் 23

அக்கா,

உடனே கிளம்பு, மீதியைப் பிறகு படி. தந்தியும் கொடுத்திருக்கிறேன். அது உன் கைக்கு வருமோ வராதோ என்ற பயத்தில் இதையும் எழுதுகிறேன்.

கேசட் வாங்கிய கடைக்கு ஓடி, அதைப் பதிவு செய்தவர் எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அவரா? 'நம்ம பாட்டக் கேட்டு லெட்டர் போட்டது என் மச்சான்தாங்க'ன்னு ரொம்ப சந்தோஷமா சொன்னாரு. நேத்து பெட்டியோட பஸ் ஏறிட்டாரே, பொண்டாட்டிய கூட்டிட்டு வரப்போறாராம்" என்றார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

என்னைச் செருப்பால் அடி அக்கா, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு வரியாவது பதில் போடு.

தம்பி

ஏப்ரல் 11

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் தந்தியைப் படித்துவிட்டு ஜன்னலைத் திறந்தால், தெருமுனையில் பெட்டியும் கையுமாக நின்று பேக்கரிக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கப் படிவழியாக இறங்கி, செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

நீ தெரிந்து செய்யவில்லை. உனக்குச் சோறு ஊட்டியவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் நல்லதாக எது கிடைத்தாலும் அக்காவுக்கும் வேண்டும் என்று துடிக்கிற பிள்ளை நீ. அந்தப் பாசத்தைப் பார்த்தால்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை ஒரு லாரி ஓட்டுநரிடம் கொடுத்து, போகிற வழியில் எங்காவது தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். முத்திரையைப் பார்த்துக்கொண்டு தேடி வராதே. நான் இருக்கும் இடத்தை இனி உனக்கும் சொல்லமாட்டேன். கடிதமும் போடமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை கண்ணா. அம்மா கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா